நின்றால் சூடேறும் கார்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டியதிலிருந்து எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவை விட்டு அசையாமல் வந்த கார், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வரும் வரை ஏ.சி.யுடன் ஓரமாக நின்ற சில நிமிடங்களில் சூடேறத் தொடங்கினால், பிழை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கார் ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டது. நிற்கும்போது மட்டும் சூடேறும் எஞ்சினுக்கும், மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் சுமையோடு ஓடும்போதே சூடேறும் எஞ்சினுக்கும் நோய் வேறு. ஆனால் எங்கள் வன்னிப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. "அண்ணை, வால்வைக் கழட்டிவிட்டாக் காணும்" என்று, எஞ்சின் சூடேறியதும் திறந்து ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடும் தேர்மோஸ்டற் வால்வை எடுத்து எறிந்துவிட்டு, பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளி ரேடியேற்றருக்குள் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். நின்றால் மட்டும் சூடேறும் காருக்கு வால்வைக் கழற்றுவது பெரும்பாலும் பயன் தராது; கிணற்றுத் தண்ணீரோ சில வருடங்களில் வேறொரு பிழையாகத் திரும்பி வரும். ஆகவே எந்த நேரத்தில் சூடேறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதை முதலில் கவனித்து, அங்கிருந்து பழுதைத் தேடிப் போவதே இங்கு சொல்லப்படும் முறை.

கார் மணிக்கு 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது கிரில் வழியாகப் புகும் காற்றே ரேடியேற்றரை ஆற்றிவிடும். விசிறி வேலை செய்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியவே வராது. நின்றவுடன் அந்தக் காற்று இல்லை. விசிறி இழுக்கும் காற்று மட்டுமே மிச்சம். அதோடு எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகளில் ஓடுவதால் வோட்டர் பம்பும் தண்ணீரை மெதுவாகவே சுழற்றுகிறது. ஏ.சி. போட்டிருந்தால், ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் கொண்டென்சர் தன் சூட்டையும் அதே காற்றில் ஏற்றி உள்ளே அனுப்புகிறது. வெளிக்காற்றே 35 பாகை செல்சியஸைத் தொடும் வன்னி மதியத்தில், இவற்றுள் ஒன்று சற்றுப் பலவீனப்பட்டாலும் நின்ற இடத்தில் சூடு ஏறிவிடும்.

வீதியோரத்தில் உடனே செய்ய வேண்டியது

முள் ஏறுவதைக் கண்டதும் ஏ.சி.யை நிறுத்துங்கள். காரில் ஹீற்றர் வேலை செய்யுமானால் அதை முழுச் சூட்டிலும் முழுக் காற்றிலும் போடுங்கள். உள்ளே இருப்பவர்கள் வியர்த்துக் குளிப்பார்கள், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு திறந்த கண்ணாடி வழியே வெளியேறும். சில கார்களில் ஹீற்றர் குழாய் ஒழுகியதால் அதைக் குறுக்கே இணைத்து அடைத்திருப்பார்கள். அவற்றில் இந்த உபாயம் பலிக்காது. முள் இன்னும் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை, வீதியும் வெறுமையாக இருக்கிறது என்றால், நிற்பதை விட மெதுவாக ஓட்டிக்கொண்டு போவதே நல்லது. ஓடும் காற்றே விசிறியின் வேலையைச் செய்யும். முள் சிவப்புக்குள் போய்விட்டது, அல்லது பொனற்றின் கீழிருந்து ஆவி வருகிறது என்றால் எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நிறுத்திய பின் ரேடியேற்றர் மூடியைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுந்து, அத்தனையும் கொதித்து முகத்துக்கு நேரே பாயும். குறைந்தது அரை மணித்தியாலமாவது விட்டு, ரேடியேற்றரின் மேல் ஹோஸை (றப்பர்க் குழாயை) கையால் பிடித்து அமுக்கக் கூடிய அளவு ஆறிய பின், தடித்த துணியைப் போட்டு, முதல் தட்டு வரை மட்டும் மூடியைத் திருகி, சீறல் அடங்கிய பிறகே முழுவதும் திறக்க வேண்டும். சூடான எஞ்சினின் மேல் வெளிப்புறமாகத் தண்ணீர் ஊற்றுவதும், வற்றிய எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவதும் வார்ப்பிரும்பையோ அலுமினியத்தையோ வெடிக்க வைக்கக் கூடிய செயல்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாவி அணைந்திருந்தாலும் சில கார்களில் மின்விசிறி தானாகச் சுழலும். அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை எஞ்சினும் எந்த நேரத்திலும் தானாக இயங்கத் தொடங்கலாம். பொனற்றுக்குள் கைவிடும் முன் காரை முழுவதும் அணைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டல்ல, எட்டத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

முள் இல்லாத கார்கள்

இப்போது ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீல விளக்கும், எல்லை மீறிய பின் சிவப்பு விளக்கும் மட்டுமே உண்டு. நடுவில் நடப்பது எதுவும் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகு தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. டாஷ்போட்டின் கீழுள்ள சோதனைச் சொக்கற்றில் செருகி, கைத்தொலைபேசியில் வெப்பநிலையைப் பார்க்கும் சிறு கருவி மலிவாகக் கிடைக்கிறது. நான் பார்த்த வரையில் இந்த வேலைக்கு அதைவிடப் பெறுமதியான ஆயுதம் இல்லை. நல்ல நிலையிலுள்ள கார் ஓட்டத்தில் ஏறத்தாழ 85 முதல் 95 பாகைக்குள் நிற்கும். நின்ற இடத்தில் ஏறி, விசிறி சுழன்றதும் இறங்கி, மீண்டும் ஏறும். 105ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 110ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்த வேண்டும்.

நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது

இதுவே வன்னியில் மிகுதியாகக் காணப்படும் வடிவம். பழுது ஏறக்குறைய எப்போதும் காற்றோட்டத்தில்தான் இருக்கும். ஆகவே தேர்மோஸ்டற்றையும் வோட்டர் பம்பையும் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு விசிறிக்குப் போக வேண்டும்.

எஞ்சினை இயக்கி ஏ.சி.யைப் போடுங்கள். மின்விசிறியுள்ள பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்ட சிறிது நேரத்தில் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் மோட்டரும் வயரும் உயிரோடு இருக்கின்றன என்பது தெரிகிறது, அப்படியும் ஏ.சி. இல்லாதபோது சூடேறினால், சூட்டை அறிந்து விசிறிக்குச் சொல்லும் சென்சரோ சுவிட்சோ பழுது. ஏ.சி. போட்டும் சுழலவில்லை என்றால் முதலில் பியூஸ், பிறகு றிலே, பிறகு மோட்டர் என்ற வரிசையில் போகலாம். பியூஸை வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, பல்ப் சோதனையோ மீற்றரோ வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அதில் இருக்கலாம். றிலேயைச் சோதிக்க எளிய வழி, பெட்டிக்குள் அதே வடிவிலும் அதே கால் அமைப்பிலும் உள்ள ஹோர்ன் றிலேயை எடுத்து இடம் மாற்றிப் போடுவது. விசிறி சுழன்று ஹோர்ன் ஊமையானால் வேலை முடிந்தது.

மோட்டரைச் சோதிக்க, அதன் இணைப்பைக் கழற்றி, பியூஸ் பொருத்திய வயரொன்றால் பற்றரியிலிருந்து நேரே 12 வோல்ற் கொடுத்துப் பார்க்க வேண்டும். இணைப்பைக் கழற்றும்போதே அதன் உள்முகத்தைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்ரிக் தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி, ஒரு கால் மட்டும் கறுத்து உருகியிருந்தால், பழுது மோட்டரில் அல்ல அந்த இணைப்பிலேயே இருக்கலாம். அல்லது தேய்ந்த மோட்டர் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து இணைப்பை எரித்திருக்கலாம். இரண்டையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள். நேரடி மின்சாரத்திலும் சுழலாத மோட்டரின் உடம்பில் திருகுச்சாவியின் பிடியால் மெல்லத் தட்டியதும் அது சுழல ஆரம்பித்தால், உள்ளே கரிக்கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டு உங்களை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல் நம்ப முடியாது.

தொண்ணூறுகளின் ரொயோட்டா கார்கள் பலவற்றில் விசிறியின் வெப்பச் சுவிட்ச் ரேடியேற்றரிலோ தண்ணீர்ப் பாதையிலோ தனியாக இருக்கும். அதன் வயர் இணைப்பைக் கழற்றிவிட்டு, சாவியைத் திறந்த நிலையில் வைத்தால் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் பழுது அந்தச் சுவிட்சில்தான். எல்லாத் தயாரிப்புகளும் அப்படியல்ல. சிலவற்றில் கழற்றுவதற்குப் பதிலாக இரண்டு முனைகளையும் இணைத்தால்தான் சுழலும். கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்கள் பலவற்றில் எஞ்சினின் வெப்பச் சென்சரைக் கழற்றினால், கணினி ஆபத்து என்று கருதித் தானாகவே விசிறியைச் சுழல விடும்; எச்சரிக்கை விளக்கும் எரியும், பின்னர் அதை அழித்துக்கொள்ளலாம். சுவிட்ச் பழுதென்று உறுதியான பின்னும் அதை மாற்றாமல், டாஷ்போட்டில் தனிச் சுவிட்ச் ஒன்று வைத்து விசிறியைக் கையால் போடும் பழக்கம் இங்கு உண்டு. அவசரத்துக்கு அது சரி. ஆனால் அடுத்த முறை காரை ஓட்டுபவர் உங்கள் மைத்துனராக இருந்து, அந்தச் சுவிட்சின் கதை அவருக்குத் தெரியாமல் போனால் ஹெட்டுக்கு (எஞ்சினின் மேல்மூடிக்கு) செலவழிக்க நேரும்.

விசிறி சுழல்கிறது, இருந்தும் சூடேறுகிறது என்றால் அது எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து, கிரில்லுக்கு வெளியே விரித்துப் பிடித்துக் கையை விடுங்கள். நல்ல விசிறி தாளைக் கிரில்லோடு ஒட்ட இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தாள் தளர்ந்து கீழே விழுந்தால் காற்று போதாது. வெளிப்புறமாகத் தள்ளப்பட்டால் விசிறி தலைகீழாகச் சுழல்கிறது. இரண்டாவது கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அரிதல்ல. பழைய மோட்டர் ஒன்றை வாங்கி, இணைப்பு பொருந்தாமல் வயரை வெட்டிச் சேர்க்கும்போது நேரும் எதிரும் மாறிப்போனால் இதுதான் நடக்கும். ஓடும்போது காற்று முன்னிருந்து வருகிறது, நின்றால் விசிறி பின்னிருந்து தள்ளுகிறது. அறிகுறியும் 'நின்றால் மட்டும் சூடு' என்பதாகவே இருக்கும்.

பாவித்த விசிறி மோட்டரை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கொழும்புப் பஞ்சிகாவத்தையிலோ வாங்கும்போது, கடையிலேயே பற்றரியில் கொடுத்துச் சுழல விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் கூடும் இந்தக் கணக்கில் சேரும். முன்னால் இடிபட்டுத் திருத்திய கார்களில் அந்தக் கூடு உடைந்தோ இல்லாமலோ இருப்பதைப் பார்க்கலாம். கூடில்லாத விசிறி, ரேடியேற்றர் முழுவதிலுமிருந்து காற்றை இழுக்காமல், தனக்கு நேர் எதிரே உள்ள வட்டத்திலிருந்து மட்டும் இழுக்கும். மிச்சத்தை எஞ்சின் அறையின் சூடான காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ரேடியேற்றரின் ஓரங்களில் இருக்கும் ஸ்பொஞ்சுப் பட்டிகளும், கிரவல் வீதியில் அடிபட்டுக் கழன்று விழும் அடித்தட்டும் இதே வகையானவை. அவை இல்லாவிட்டால் கார் நிற்கையில் சூடான காற்று கீழ் வழியாகச் சுற்றி மீண்டும் முன்னால் வந்து உள்ளே புகுந்துவிடும்.

ஹைஏஸ் போன்ற வான்களிலும் பழைய டீசல் வாகனங்களிலும் விசிறி பெல்ற்றால் சுழல்கிறது. நடுவே ஒரு பாகுத்தன்மையுள்ள எண்ணெய்க் கிளச் இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்பு இருக்க வேண்டும். தள்ளிவிட்டதும் பல சுற்றுகள் தடையின்றிச் சுழன்றால் கிளச்சினுள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கிளச்சின் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் தூசி படிந்த எண்ணெய்க் கோடுகள் தெரிந்தால் அது சாட்சி. கிளச்சை வெல்டிங் பிடித்து நிரந்தரமாகப் பூட்டிவிடும் கராஜ்கள் உள்ளன. அதனால் நின்ற இடத்துச் சூடு தீரும் என்பது உண்மையே. ஆனால் எந்த நேரமும் இரையும், எரிபொருள் கூடச் செலவாகும், வேகத்தில் இறக்கை உடைந்தால் ரேடியேற்றரையும் கிழித்துக்கொண்டு போகும். கிளச்சை மாற்ற முன் பெல்ற்றையும் பாருங்கள். உள்முகம் கண்ணாடி போல் மினுங்கினால் அது வழுக்குகிறது.

ஏ.சி. போட்டால் மட்டும் ஏறுகிறது

விசிறி நன்றாக இருந்தும் ஏ.சி. போட்டு நிற்கும்போது மட்டும் சூடேறினால், கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். முன்னால் நின்று பார்த்தால் கொண்டென்சர் துப்புரவாகத் தெரியும். பின்னால் விசிறிப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரேடியேற்றரும் துப்புரவாகத் தெரியும். அழுக்கு முழுவதும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மேல் பிடிகளைக் கழற்றி ரேடியேற்றரைச் சற்றுப் பின்னே சாய்த்து, கைவிளக்கை உள்ளே காட்டினால்தான் உண்மை தெரியும்.

வன்னியில் அங்கு சேர்வது என்னவென்று ஊரைக் கொண்டே சொல்லலாம். காலபோக அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயப்போட்டிருக்கும் இடங்களைக் கடந்துவரும் கார்களில் பதரும் வைக்கோல் துகளும். தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் மணல் டிப்பருக்குப் பின்னால் உள்வீதிகளில் ஓடிய கார்களில் செந்தூள். முதல் மழைக்குப் பின் இரவில் ஓடியவற்றில் ஈசல் சிறகுகள். தூள் படிந்த மேல் மழைத்தண்ணீர் பட்டுக் காய்ந்தால் அது சுவருக்குப் பூசிய சாந்தாகிவிடும், காற்று புகாது. பூச்சி அடிக்காமல் இருக்கக் கிரில்லில் நுளம்பு வலை கட்டும் சிலரும், மேலதிக விளக்குகளை வரிசையாகப் பூட்டி அழகு பார்க்கும் சிலரும், தாங்களே கையால் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கழுவும்போது தண்ணீரை விசிறிப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும்படி பாய்ச்ச வேண்டும். தோட்டத்துக் குழாயின் வேகம் போதும். சேர்விஸ் நிலையத்து அழுத்தக் குழாயை அருகில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, அழுக்கு அடைத்ததை விட மோசமாக அடைத்துவிடும். மடிந்தவற்றை மெல்லிய தகட்டினாலோ பழைய பல் துலக்கியினாலோ பொறுமையாக நிமிர்த்தலாம். இரண்டு விசிறிகள் உள்ள கார்களில் ஏ.சி. போட்டதும் இரண்டும் சுழல்கின்றனவா, விசிறிக்கு இரண்டு வேகங்கள் இருந்தால் வேகமான நிலை வருகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

காலையில், எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது, மேலதிகத் தண்ணீர்ப் போத்தலை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் ரேடியேற்றர் மூடியையே திறந்து பாருங்கள். போத்தல் நிறைந்திருந்து ரேடியேற்றர் வற்றியிருக்கும் கார்கள் நிறைய உள்ளன. சூட்டில் வெளியே தள்ளப்பட்ட தண்ணீர் ஆறும்போது திரும்பி உறிஞ்சப்பட வேண்டும். மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு கெட்டாலோ, போத்தலுக்குப் போகும் மெல்லிய குழாய் வெடித்திருந்தாலோ அது திரும்பாது. ஆறிய எஞ்சினின் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டு நசுங்கிக் கிடந்தால் மூடியின் அந்த வால்வு ஒட்டிப்போய்விட்டது.

மூடி சிறு பொருள், ஆனால் அதன் வேலை பெரியது. ஜப்பானியக் கார்களின் மூடிகளில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று (சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோகிராம் என்ற அழுத்த அளவு) பொறித்திருக்கும். 0.9 என்ற அழுத்தத்தில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும்; மூடியின் றப்பர் வெடித்து அழுத்தம் நிற்காமல் போனால் அதே தண்ணீர் 100 பாகையில் கொதித்து வழியும். ஆகவே பழைய மூடியில் இருந்த எண்ணையே புதியதிலும் பார்த்து வாங்க வேண்டும். கூடிய எண் நல்லது என்று நினைத்துப் போட்டால் பலவீனமான ஹோஸோ ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டியோ வெடிக்கும்.

ஒழுக்கைத் தேடும்போது ரேடியேற்றரின் பிளாஸ்ரிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, ஹோஸ்களின் பூட்டுப் பட்டிகள், வோட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம், காருக்குள் முன் இருக்கையின் காலடிக் கம்பளம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிறிய ஒழுக்குகள் சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது. காய்ந்த வெள்ளை அல்லது இளஞ்சிவப்புத் தடமே தெரியும்.

தண்ணீர் நிறைவு, காற்றும் நன்று, இருந்தும் நின்றால் ஏறுகிறது

இனித்தான் உள்ளே தண்ணீர் சுழல்கிறதா என்ற கேள்வி. மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போது, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை 2000 சுற்றுக்கு உயர்த்திப் பிடியுங்கள். சில நிமிடங்களில் சூடு இறங்கினால், மெதுவான ஓட்டத்தில் தண்ணீர் போதியளவு சுழலவில்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், பெல்ற் வழுக்கலாம், உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். பெல்ற்றால் சுழலும் விசிறியுள்ள வான்களில் இந்தச் சோதனை ஒன்றையும் பிரித்துக் காட்டாது, ஏனெனில் சுற்று கூடினால் விசிறியும் கூடுகிறது. அக்வாவிலும் 2009க்குப் பிந்திய பிரியஸிலும் எஞ்சினின் வோட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால், அவற்றில் பெல்ற்றைத் தேடுவது வீண்; கணினியில் பம்பின் பிழைக்குறி பதிந்துள்ளதா என்று பார்ப்பதே வழி.

அடைபட்ட காற்று, பெரும்பாலும் ஹோஸோ ரேடியேற்றரோ மாற்றிய பின் வரும் தொல்லை. ஆறிய காரின் மூக்கு உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீற்றரைச் சூட்டில் வைத்து, எஞ்சினை இயக்கி, குமிழிகள் வந்து முடியும் வரை சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். எங்கள் தட்டை நிலத்தில் ஏற்றம் தேடுவது எளிதல்ல. மதகின் சரிவோ குளக்கட்டுக்கு ஏறும் பாதையோ உதவும்.

ரேடியேற்றரின் உள்ளடைப்பு நின்றாலும் ஓடினாலும் சூட்டைத் தரும், ஆனால் ஆரம்பத்தில் ஏ.சி.யோடு நிற்கும்போதே தலைகாட்டும். சூடான ரேடியேற்றரை, எஞ்சினையும் விசிறியையும் முழுவதும் அணைத்த பின், அகச்சிவப்பு வெப்பமானியால் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். ஒரு பகுதி சூடாகவும் பக்கத்திலேயே இன்னொரு பகுதி குளிராகவும் இருந்தால் அந்தக் குளிர்ந்த குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. காரணத்தை வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையிலேயே காணலாம். வன்னியின் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. அதே படைதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் உட்சுவரிலும் படிகிறது. பழைய பித்தளை ரேடியேற்றரைத் தொட்டி கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்கலாம். அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்தவற்றை மாற்றுவதே மிச்சம். நிரப்புவதற்குக் கூலன்ற்றோடு, பற்றரிக்கு ஊற்றும் வடிநீரையோ, ஊர்களில் குடிநீருக்கென்று வடிகட்டி விற்கும் ஆர்.ஓ. தண்ணீரையோ கலக்கலாம். இங்கு உறைபனி இல்லையே, கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்களுக்கு விடை, அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது, பம்பின் சீலைக் காக்கிறது என்பதே. பாதிக்குப் பாதி கலப்பது வழக்கம். நிறத்தை மட்டும் பார்த்து இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூழாகிவிடும்.

தேர்மோஸ்டற் இப்போதுதான் வருகிறது. கழற்றிய வால்வை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, 95 அளவில் முழுவதும் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் புதியதைப் போடுங்கள். அதன் தட்டில் சிறு ஊசி வால்வு இருந்தால், பொருத்தும்போது அது மேல்நோக்கி நிற்க வேண்டும். எடுத்து எறிந்துவிட்டு ஓடுவதில் இரண்டு கெடுதிகள் உள்ளன. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் கணினி கூடுதல் பெற்றோலை ஊற்றும். அதைவிட முக்கியமாக, பல எஞ்சின்களில் அந்த வால்வின் அடித்தட்டுத்தான், சூடேறிய பின் ரேடியேற்றரைச் சுற்றிப் போகும் குறுக்குவழியை மூடுகிறது. வால்வு இல்லாவிட்டால் குறுக்குவழி எந்நேரமும் திறந்திருந்து, தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

முள் ஏறினாலும் எஞ்சின் சூடாக இல்லை

சாவியைத் திறந்தவுடனேயே முள் ஏறினால், அல்லது விளக்கைப் போடும்போது துள்ளினால், சென்சரோ அதன் வயரோ எர்த்தோ பழுது. மேல் ஹோஸை அளந்து உறுதிசெய்துகொள்ளலாம். இதன் மறுபக்கம் ஆபத்தானது. தண்ணீர் முழுவதும் வற்றிய எஞ்சினில் சென்சர் ஆவியில் நிற்பதால், முள் தாழ்ந்து காட்டக் கூடும்.

ஹெட் காஸ்கற்றைச் சந்தேகிக்க வேண்டிய வேளை

ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடே ஹெட் காஸ்கற். வெளியே ஒழுக்கில்லாமல் தண்ணீர் குறைகிறது. காலையில் இயக்கிய ஓரிரு நிமிடங்களில், எஞ்சின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது. மூடி திறந்த ரேடியேற்றரில் குமிழிகள் ஓயாமல் வருகின்றன. புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை நிற்காமல் வருகிறது. எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறது. இவற்றுள் ஒன்றிரண்டு சேர்ந்து தெரிந்தால் காரை மேலும் ஓட்டக் கூடாது. எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிவதைக் காட்டும் நீல நிறத் திரவச் சோதனை சில கராஜ்களில் உண்டு. ரேடியேற்றர் வாயில் வைத்த திரவம் மஞ்சளானால் ஐயமில்லை. ஹெட்டைக் கழற்றினால் அதன் முகத்தை நேர்கோலும் தகட்டு அளவியும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல பெற்றோல் எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 முதல் 0.10 மில்லிமீற்றர் வரைதான். அளக்காமல் புதிய காஸ்கற்றைப் போட்டுப் பூட்டினால் வேலை இரண்டாம் முறையும் செய்ய நேரும்.

திருத்திய பின்

எந்தப் பழுதைத் திருத்தினாலும், காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டாம். மதிய வெயிலில், ஏ.சி. முழுவதுமாகப் போட்டு, சூட்டைப் பார்த்தபடி காரை அரை மணித்தியாலம் நின்ற இடத்தில் ஓட விடுங்கள். பிறகு ஏ.சி.யை நிறுத்தி, விசிறி தானாகச் சுழன்று, சூட்டை இறக்கி, தானாக நின்று, மீண்டும் சுழல்வதைப் பாருங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வாகன வரிசையிலோ, ரயில் கடவையின் பூட்டிய கேற் முன்னாலோ நிற்கும்போது நடக்கப் போவது அதுதான். மறுநாள் காலை எஞ்சின் ஆறிய பின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்து, குறைந்ததை நிரப்பி, போத்தலில் தண்ணீர் நிற்கும் இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஒரு கிழமை கழித்து அதே காலை நேரத்தில் மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் ஒழுக்குப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டும்.